மூன்றாம் ஓலை முடியட்டும்

திரேஸ்புரத்தில் எமில்டாவைத் தெரியாத வீடு கிடையாது. ஆனால் அவளைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். மீன்காரி, சிலுவை பெண்டாட்டி, ஜெபிஷா அம்மா என்பார்கள். அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் சொல்ல வராது. அவளையே கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாள், பாவி மகள்.

காலையில் கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுப்பாள். அலுமினியச் சட்டியில் அடுக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஊருக்குள் போய்த் தெருத்தெருவாக விற்பாள். சூரை வந்தால் ஒரு குரல், சாளை வந்தால் ஒரு குரல் என்று வைத்திருந்தாள். அந்தக் குரலை வைத்தே இசக்கியம்மாள் போன்ற பழைய வாடிக்கைக்காரிகள் உள்ளே மிளகாய் அரைக்க உட்கார்ந்துவிடுவார்கள். வெயில் ஏற ஏறத் தொண்டை காயும். கேட்டால் தண்ணீர் கொடுக்க மாட்டோம் என்று எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். ஆனால் குடித்த பிறகு எங்கே போவது? மீன்காரிக்குக் கக்கூஸைத் திறந்துவிடும் வீடு அந்தத் தெருக்களில் இல்லை. அதனால் வீடு திரும்பும் வரைக்கும் சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள். நீர்க்கடுப்பு வந்தால் வெந்தயத்தை விழுங்கிவிட்டு மறுநாளும் சட்டியைத் தூக்குவாள். வீட்டிலும் கடைசியில்தான் சாப்பாடு. குழம்பில் மீன் தீர்ந்து புளித்தண்ணீர் மட்டும் நிற்கும்போது தட்டோடு குசினியில் உட்காருவாள். யாரும் அவளை அப்படிச் சாப்பிடச் சொன்னதில்லை. வேறு மாதிரிச் சாப்பிடச் சொன்னவர்களும் இல்லை.

சில வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் சிலுவைக்கு டிபி வந்தது. வீட்டுக்குத் தெரியும் முன்னால் டீக்கடைக்குத் தெரிந்துவிட்டது. வேறு யார், அவனேதான் சொன்னான். ஊரே தாங்கியது. அவன் கடலுக்குப் போகாத நாளிலும் கூடப் போகிறவர்கள் அவன் பங்கை வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பேர் சொல்லி மன்றாடினார்கள். அக்கம்பக்கத்திலிருந்து முட்டையும் ஆட்டுக்கால் சூப்பும் வந்தன. மாத்திரைப் பட்டையை ஜன்னல் கம்பியில் செருகி வைத்து, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டினான். ஆறு மாதத்தில் கன்னம் உப்பி, மாப்பிள்ளை மாதிரி எழுந்து நின்றான். நல்லது, யார் வேண்டாம் என்றது? அவன் இருமிய நாளெல்லாம் பக்கத்தில் இருந்து நெஞ்சைத் தடவிவிட்டவள் எமில்டா.

அடுத்த வருஷம் அதே இருமல் அவளுக்கு வந்தது.

வந்த நேரம் பாருங்கள். ஜெபிஷாவுக்கு வரன் கூடி வந்த நேரம். பி.காம் முடித்துவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை. சிலுவையின் அக்கா ஆக்னஸ் வேம்பாரில் இருக்கிறாள். அவள்தான் அங்கே பெவின் என்கிற பையனைப் பார்த்து முடித்து வைத்தாள். படகு எஞ்சின் வேலை தெரிந்த, குடிக்காத பையன். குடிக்காத பையன் என்றால் இந்தக் கரையில் எத்தனை அம்மாக்கள் பூசைக்கு நேர்ந்துகொள்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

எமில்டா முதலில் புருஷனிடம்தான் சொன்னாள். அவன் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

“மூணாம் ஓலை முடியட்டும் ஏளா. அதுவரைக்கும் வெளிய மூச்சு விடாத” என்றான்.

டீக்கடையில் தன் நோயைத் தானே விளம்பரம் செய்தவன் சொல்கிற பேச்சு இது. நல்லா இருக்கிறது இல்லையா நியாயம்? ஆனால் அவன் ஊரைத் தெரிந்து சொன்னான் என்பதையும் மறுக்க முடியாது. ஆம்பளைக்கு வந்தால் அது உடம்புக்கு வந்த நோய். பொம்பளைக்கு வந்தால் குடும்பத்துக்கே வந்த நோய். அவள் பெற்ற பெண்ணின் நெஞ்சிலும் அது ஒட்டிக்கொண்டு போகும் என்று பேசுவார்கள்.

ஓலை என்று அவன் சொன்னது கோயில் ஓலையை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசிப்பார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் சொல்வார். அவர் கேட்பது மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் பெண்டாட்டி இருக்கிறாளா என்கிற மாதிரித் தடையை. பெண்ணைப் பெற்றவளின் நெஞ்சுச் சளியை எந்தச் சாமியாரும் கேட்டதில்லை. இதை அவளுக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போய்விட்டது. எமில்டா அதைத் தன்னைப் பார்த்தே கேட்கப்போகிற கேள்வி என்று எடுத்துக்கொண்டாள்.

சிலுவைக்கு மாத்திரை கொடுத்த டிபி நர்ஸ் சண்முகப்ரியாதான் இவளுக்கும் சளி பார்த்து மாத்திரை ஆரம்பித்தாள். ஸ்கூட்டரில் வீட்டு வாசலுக்கே வருகிற பெண். வீட்டுக்கு வராதிய நர்ஸம்மா என்று எமில்டா கையைப் பிடித்துக்கொண்டாள். கருவாட்டுக் களத்துக்குப் பின்னால் வைத்துக் கொடுத்துவிடச் சொன்னாள். ஏன்க்கா, அண்ணனுக்கு வீட்டில்தானே கொடுத்தேன் என்று சண்முகப்ரியா கேட்டாள். பிள்ளைக்கு ஓலை வாசிக்கப் போறாங்க என்று இவள் சொன்னதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளும் கல்யாணத்துக்கு நிற்கிற தங்கச்சியை வீட்டில் வைத்திருக்கிறவள்தான்.

வீட்டில் உள்ளவர்களையும் பார்க்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னதற்கு மட்டும் எமில்டா மறுபேச்சுப் பேசவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ரத்தம் பார்க்கிறது இப்போது வழக்கம் என்று ஒரு பொய்யைச் சொல்லி ஜெபிஷாவைக் கூட்டிக்கொண்டு போனாள். நெஞ்சுப் படமும் எடுக்க வைத்தாள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், ஆஸ்பத்திரி வாசலிலேயே அவளுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். தனக்கு ஒன்று வாங்கவில்லை.

இரண்டு மாதம் ஒழுங்காக விழுங்கினாள். இருமல் நின்றது. பசித்தது. குரலும் திரும்பியது. அந்த மாத்திரையில் ஒரு சங்கடம் உண்டு. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது மருந்தின் நிறம், பயப்படாதீங்க என்று நர்ஸ் முதலிலேயே சொல்லியிருந்தாள். சிலுவை அதையும் டீக்கடையில் சொல்லிச் சிரித்தவன்தான்.

முதல் ஓலைக்கு முந்தின நாள் ஆக்னஸ் பெட்டியோடு வந்து இறங்கினாள். கல்யாணம் முடியும் வரை கூடமாட இருந்து செய்துவிட்டுத்தான் போவேன் என்று சொல்லிவிட்டாள். நல்ல மனுஷி. ஆனால் எங்கே என்ன நடந்தாலும் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். அவள் கண்ணில் பட்டது வேம்பாருக்கு மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விடும். 

வீட்டில் இருந்தது ஒரே கக்கூஸ். வெள்ளைப் பீங்கான். குழாயில் தினமும் தண்ணீர் வராது, பிடித்து வைத்த டிரம்மில் அளந்துதான் எடுக்க வேண்டும். அந்த நிறம் தெரியக் கூடாது என்று எமில்டா ஒவ்வொரு தடவையும் வாளி வாளியாக ஊற்றினாள். ஆக்னஸ் வெளியே நின்று சத்தம் போட்டாள். “என்ன எமில்டா, தூத்துக்குடிக்கே தண்ணி உன் வீட்டுலதானா இருக்கு? இப்படி ஊத்துதியே.”

எமில்டா சிரித்துச் சமாளித்தாள். டிரம் காலியானபோது சிரிக்க முடியவில்லை. மறுநாள் காலையில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குசினியில் கொஞ்ச நேரம் நின்றாள். இருமல்தான் நின்றுவிட்டதே. மூன்று ஞாயிற்றுக்கிழமைதானே. ஆக்னஸ் மைனி கிளம்பியதும் மறுபடியும் ஆரம்பித்துக்கொள்ளலாம். அரிசி டப்பாவின் அடியில் மாத்திரையைத் தள்ளினாள். அதற்கப்புறம் நர்ஸ் கொடுத்த பட்டைகளும் ஒவ்வொன்றாக அங்கேதான் போயின. வாங்க மறுத்தால் சண்முகப்ரியா வீட்டுக்கு வந்துவிடுவாள், அதனால் வாங்குவதை மட்டும் நிறுத்தவில்லை.

மூன்று ஓலையும் வாசித்தார்கள். ஒருவரும் தடை சொல்லவில்லை. மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை எமில்டா முழங்காலில் நின்று அழுததைப் பார்த்து, பெண்ணைப் பிரியப்போகிறாளே என்று எல்லோரும் இரங்கினார்கள். கல்யாணம் நன்றாக நடந்தது. வெள்ளைச் சேலையும் முக்காடுமாக ஜெபிஷா கோயிலைவிட்டு வெளியே வந்தபோது, பெற்ற வயிறு குளிர எமில்டா பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய வாழ்க்கையில் நல்ல நாள் எது என்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்ல வேண்டும்.

ஆக்னஸ் ஊருக்குப் போய்விட்டாள். கக்கூஸ் மறுபடியும் அவர்களுக்கே ஆயிற்று. மாத்திரைகள் டப்பாவில்தான் கிடந்தன. இப்போது என்ன தடை என்று கேட்பீர்கள். ஒரு தடையும் இல்லை. மறுவீட்டு விருந்துக்குப் பண்டம் செய்ய வேண்டியிருந்தது. கல்யாணத்துக்காக விட்ட வியாபாரத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. சிலுவையின் வலை பழுதுபட்டுக் கிடந்தது. இருமலும் இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று போய்விட்டது. ஆறு மாத மருந்து முடிந்ததாக நர்ஸ் சளி கேட்டபோது வெறும் எச்சிலைத் துப்பிக் கொடுத்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. சர்க்கார் கணக்கில் எமில்டா குணமாகிவிட்டாள்.

ஜெபிஷா உண்டானாள். செய்தி வந்த அன்றைக்கு எமில்டா விற்ற மீனுக்கெல்லாம் கூட ஒன்று போட்டாள். இசக்கியம்மாளிடம் குழந்தைக்குப் பழைய வாயில் சேலை கேட்டு வாங்கி, துவைத்து மடித்து வைத்தாள். முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான். ஏழாம் மாதம் பலகாரத்தோடு போய்ப் பிள்ளையை அழைத்துக்கொண்டு வருவது அம்மாவின் உரிமை. அதை விட்டுக்கொடுத்த அம்மா இந்தக் கரையில் கிடையாது.

ஜெபிஷாவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது எமில்டாவுக்கு இருமல் திரும்பியது. இந்தத் தடவை அது அவளைப் போட்டுப் பிடுங்கியது. மீன் கூவக் குரல் எழும்பவில்லை. ஒரு நாள் கழுவுதொட்டியில் ரத்தம் விழுந்தது. அப்போதுதான் அவளே சண்முகப்ரியாவைத் தேடிப் போனாள். டப்பாவில் கிடந்ததையும் சொன்னாள். நர்ஸ் திட்டவில்லை, தலையில் கையை வைத்துக்கொண்டாள். சோதனை முடிவு வந்தது. பழைய மாத்திரைக்கு இந்த டிபி இனிக் கட்டுப்படாது. வேறு மருந்து, பெரிய ஆஸ்பத்திரியில் போய்ச் சேர வேண்டும், உடனே.

எமில்டா கேட்டது ஒன்றே ஒன்றுதான். பிள்ளையைப் பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு வரலாமா?

கூடவே கூடாது என்றாள் சண்முகப்ரியா. வயிற்றுப் பிள்ளைக்காரியும் பச்சைக் குழந்தையும் இந்த இருமலோடு ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. சொல்லிருங்கக்கா, மறைக்காதீங்க என்று கெஞ்சினாள்.

எமில்டா வேம்பாருக்குப் போன் போட்டாள். டிபி என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை. மேல்தளம் பெயர்ந்து விழுகிறது, கொத்தனார் வேலை நடக்கிறது, அங்கேயே பிரசவம் பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். ஜெபிஷா முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு அழுதாள். பிறகு போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். தலைப்பிரசவத்துக்கு வராதே என்று சொல்கிற அம்மா எங்கேயாவது உண்டா என்று மாமியார் வீட்டில் கேட்டார்களாம். அந்தப் பெண் என்ன பதில் சொல்லும்? கட்டிக் கொடுத்ததும் கைகழுவிவிட்டார்கள் என்று ஆக்னஸ் வேறு ஊதிவிட்டாள்.

எமில்டா ஆஸ்பத்திரிக்குப் போவதையும் தள்ளிப் போட்டாள். அங்கே போய்ப் படுத்தால் ஊருக்குத் தெரிந்துவிடும். பிரசவம் நல்லபடியாக முடியட்டும் என்றாள். சண்முகப்ரியா வீட்டுக்கு வந்தே சண்டை போட்டாள். ஒன்றும் எடுபடவில்லை.

ஒரு மத்தியானம் ஜெபிஷா பஸ் ஏறி வந்துவிட்டாள். ஏழு மாத வயிற்றோடு, துணிப்பையோடு, ஆட்டோவைவிட்டு இறங்கினாள். கடலுக்குப் போன ஆம்பளைகள் திரும்பி, தெரு முழுக்க ஆள் இருந்த நேரம். அவள் இறங்குவதை எமில்டா ஜன்னல் வழியே பார்த்தாள்.  ஓடிப்போய்க் கதவை உள்ளே தாழ் போட்டாள்.

ஜெபிஷா கதவைத் தட்டினாள். “எம்மா, நான்தான். கதவத் தொற.”

திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். கொத்தனாரையும் காணோம், மணலையும் காணோம் என்று பார்த்ததும் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. உனக்கு நான் என்ன செய்தேன், வேண்டாத பிள்ளையா நான் என்று கதவில் அடித்து அடித்துக் கேட்டாள். தெருவில் ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். தோள் கொடுத்துத் தள்ளினால் அந்தத் தகரக் கதவு எவ்வளவு நேரம் தாங்கும்? எமில்டா உள்ளே முதுகை முட்டுக்கொடுத்து நின்றாள். இருமல் வந்தது. சேலையை வாயில் அமுக்கினாள். அடங்கவில்லை. இருமி முடித்ததும் இருக்கிற குரலையெல்லாம் திரட்டிக் கத்தினாள்.

“உள்ள வந்திராதளா. எனக்கு டிபி. மாத்திரைக்குக் கேக்காத டிபி. வயித்துப் பிள்ளைக்கு ஆகாது, தள்ளி நில்லு.”

அவ்வளவு நாள் காதும் காதும் வைத்தாற்போலக் காப்பாற்றியது தெருவுக்கே கேட்டுவிட்டது.  ஜெபிஷா மெதுவாக வாசற்படியில் உட்கார்ந்தாள். உள்ளே எமில்டாவும் சரிந்து உட்கார்ந்தாள். நடுவில் கதவு. ஜெபிஷா கதவுப் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

“அப்பாவுக்கு வந்தப்போ ஊருக்கே சொன்னியளே. உனக்கு வந்தா மட்டும் ஏம்மா சொல்லல?”

“ஓலை வாசிக்கப் போறாங்கல்லா. உன்னைக் கட்டிக்குடுக்காண்டாமா? அத்தை கண்ணுல படப்பிடாதுன்னு மாத்திரையையும் நிப்பாட்டிட்டேன்.”

“கட்டிக்குடுத்துட்டல்லா. அதுக்கப்புறம் ஏன் மாத்திரை திங்கல?”

எமில்டா யோசித்தாள், நிஜமாகவே யோசித்தாள். ஒன்றும் அகப்படவில்லை. சிலுவை வந்து, மகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டான். அவன் முகத்தை யாரும் பார்க்க முடியவில்லை.

வேம்பாரில் என்ன ஆயிற்று தெரியுமா? பெவின் மறுநாளே ஜெபிஷாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்ச் சோதித்தான். அவளுக்கு ஒன்றும் இல்லை. மாமியார் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, முதலிலேயே சொல்லியிருந்தால் நாங்களே பார்த்திருப்போமே என்றாள். அவ்வளவுதான் நடந்தது. இதற்கா இத்தனை என்று வயிறு எரிகிறது. ஆனால் ஓலை வாசித்த நாட்களில் தெரிந்திருந்தால் இதே மனுஷி இதே மாதிரி பேசியிருப்பாளா, யார் கண்டது? நிறுத்தியும் இருப்பார்கள். அப்படி நின்றுபோன கல்யாணங்கள் இந்தக் கரையில் இருக்கின்றன.

எமில்டா பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். மறைக்க இனி ஒன்றும் இல்லாததால் மருந்தை ஒழுங்காக விழுங்கினாள். நர்ஸ்கள் சொன்னபடி முட்டை தின்றாள், தண்ணீர் குடித்தாள். உடம்பு எழும்பவில்லை. நெஞ்சில் பாதி ஏற்கெனவே போய்விட்டிருந்தது. ஜெபிஷா தினமும் போனில் பேசினாள். கோபமெல்லாம் போய்விட்டது. ஒரு நாள் எமில்டா தானாகவே சொன்னாள்.

“அன்னைக்குக் கேட்டியே ஜெபி. யோசிச்சுப் பாத்தேன். நிப்பாட்டுறதுக்கு நீ இருந்த, உன் கலியாணம் இருந்துச்சு. திரும்ப ஆரம்பிக்கணும்னா எனக்குன்னு ஆரம்பிக்கணும்லா. அது தோணவே இல்லளா.”

ஜெபிஷாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எமில்டா போன் திரையில் பார்த்தாள். மூக்கு உன்னை மாதிரி என்றாள், பால் நன்றாக இறங்குகிறதா என்று கேட்டாள், நீ சாப்பிட்டியா என்று கேட்டாள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் முன்னால் ஒரு காலையில் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனாள்.

திரேஸ்புரத்து வீட்டில் பெட்டியை நடுவில் வைத்திருந்தார்கள். குழந்தையை வேம்பாரில் விட்டுவிட்டு ஜெபிஷா மட்டும் வந்திருந்தாள். பால் கட்டிய நெஞ்சு வலிக்க, அழக்கூடத் தெம்பில்லாமல் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். தெருப் பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். இசக்கியம்மாளும் ஊருக்குள்ளிருந்து வந்திருந்தாள். ஆக்னஸ் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். மனதாரத்தான் அழுதாள். அவளைப் பொய் சொல்கிறவள் என்று சொல்ல மாட்டேன்.

“மவராசி, தனக்குன்னு ஒரு வாய் சோறு தேடுனவளா? தனக்குன்னு ஒரு நாள் வாழ்ந்தவளா? புருஷன் புள்ளன்னே இருந்து போய்ச் சேந்துட்டாளே” என்றாள். சுற்றியிருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று மூக்கைச் சிந்தினார்கள்.

ஜெபிஷா தலையைத் தூக்கினாள்.

“அதைப் பெருமையாச் சொல்லாதிய அத்தை. அதுலதான் எங்கம்மா செத்தா.”

அதன்பிறகு பெட்டியைத் தூக்கும் வரைக்கும் அந்த வீட்டில் ஒருவரும் எமில்டாவைப் புகழவில்லை.